'இன்டைட்': வாயில் வராத 'சி' எழுத்தில் எப்படி வந்தது?

செய்திமேசை கேட்டது:

ஒருவர் மீது முறைப்படி குற்றம் சாட்டுவதைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொல் ஒன்று உண்டு. அதன் கடைசி எழுத்துக்கு முன்னால் ஒரு 'சி' நிற்கிறது. எழுத்தைப் பார்த்தால் 'இன்டிக்ட்' என்று வாசிக்கத்தான் தோன்றும். அகராதிகளோ எல்லாம் ஒரே குரலில் 'இன்டைட்' என்கின்றன. அமெரிக்க நீதிமன்றச் செய்திகளைத் தமிழில் வாசிக்கும்போது இரண்டு உச்சரிப்பும் காதில் விழுகிறது.

அகராதியின் வேர்ச்சொல் பகுதியில் 'ஆங்கிலோ-நார்மன் எந்தித்தேர், அதற்கு முன் லத்தீன் இந்திக்தாரே' என்று ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். (ஆங்கிலோ-நார்மன் என்பது நார்மன்காரர்கள் கொண்டுவந்து இங்கிலாந்தில் பேசிய பிரெஞ்சு.) லத்தீனில் இருக்கும் 'க்' பிரெஞ்சில் ஏன் இல்லை? பிரெஞ்சில் இல்லாதது ஆங்கில எழுத்தில் எப்படித் திரும்பி வந்தது? அப்படித் திரும்பி வந்திருந்தால், வெர்டிக்ட், பெர்ஃபெக்ட் போன்ற சொற்களில் உச்சரிக்கிறோமே, இதில் மட்டும் ஏன் விட்டுவிடுகிறோம்?

இன்னொன்று. ஒரு சொல் பிரெஞ்சு வழியாக வந்ததா, லத்தீனிலிருந்து நேரே வந்ததா என்று நாமே கண்டுபிடிக்க வழி உண்டா?

---

பழம்பிரெஞ்சு எழுதியது:

அந்தச் 'சி' உச்சரிப்பிலிருந்து உதிர்ந்த எழுத்து அல்ல. இதை முதலில் பிடித்துக்கொண்டால் மற்றவை எளிது. போர்வீரனைக் குறிக்கும் 'நைட்' என்ற சொல்லின் முதலில் நிற்கும் 'கே' உதிர்ந்த எழுத்து; ஒரு காலத்தில் அதை 'க்னிஹ்ட்' என்று சொன்னார்கள். 'இன்டைட்' அந்த வகை அல்ல. ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோதே அதில் 'க்' ஒலியும் இல்லை, 'சி' எழுத்தும் இல்லை. ஏறத்தாழ 300 ஆண்டுகள் அப்படியே புழங்கிய பிறகு எழுத்தில் மட்டும் செருகப்பட்டது.

'க்' தொலைந்த இடம் பிரெஞ்சு மண். லத்தீனில் 'க்' உடன் 'த்' சேர்ந்து வரும் இடங்களில், இன்றைய பிரான்சை உள்ளடக்கிய பழைய 'கால்' நாட்டு மக்கள் பேசிய லத்தீன் மெல்ல மாறியது. 'க்' முதலில் தொண்டையில் உரசும் ஒலியாகத் தளர்ந்தது, பிறகு 'ய்' ஆகி முன்னிருந்த உயிரோடு ஒட்டிக்கொண்டது. இது ஒன்றிரண்டு சொற்களில் நடந்த விபத்து அல்ல, ஒழுங்கான ஒலிமாற்றம். பாலைக் குறிக்கும் 'லக்தெம்' பழைய பிரெஞ்சில் 'லய்த்', இன்று 'லே'. எட்டைக் குறிக்கும் 'ஒக்தோ' இன்று 'உயித்'. இரவைக் குறிக்கும் 'நோக்தெம்' இன்று 'நுயி'. சொல்லப்பட்டது என்று பொருள்படும் 'திக்தும்' பழைய பிரெஞ்சில் 'தித்'. அதில் ஏற்கெனவே ஓர் இகரம் இருந்ததால் 'ய்' அதிலேயே கரைந்துவிட்டது.

லத்தீனின் மற்றப் பிள்ளைகள் இதே கூட்டொலியை வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டன. இத்தாலியில் அது 'த்த்' ஆயிற்று. காப்பிக் கடையில் கேட்கும் 'லாத்தே' அதே 'லக்தெம்'தான். ஸ்பானியத்தில் 'ச்ச்' போல ஆகி, பால் 'லெச்சே' என்றும் எட்டு 'ஓச்சோ' என்றும் மாறின.

இனி நம் சொல். லத்தீனில் 'தீக்கெரே' என்றால் சொல்லுதல். அதையே திரும்பத் திரும்ப, அழுத்திச் சொல்வது 'திக்தாரே'; ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதும் 'டிக்டேட்' இதிலிருந்து வந்தது. முன்னால் 'இன்' சேர்ந்து 'இந்திக்தாரே': அறிவித்தல், எழுத்தில் வைத்துச் சாட்டுதல். இது பேச்சு லத்தீனில் இருந்திருக்க வேண்டும் என்று மீட்டமைத்த வடிவம், ஆகவே நல்ல அகராதிகள் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடும். அது பிரெஞ்சில் மேற்சொன்ன விதிப்படி 'எந்தித்தேர்' ஆயிற்று. 'க்' போயிற்று, 'இன்' 'என்' ஆயிற்று.

1300ஐ ஒட்டி ஆங்கிலம் இதை 'என்டீட்டன்' என்று வாங்கிக்கொண்டது. நடு ஆங்கிலத்தில், அதாவது ஏறத்தாழ 1100 முதல் 1500 வரை வழங்கிய ஆங்கிலத்தில், அந்த 'டீ' நெடில். அப்போது அதற்கு இரண்டு பொருள்: குற்றம் சாட்டுதல் ஒன்று, எழுதுதல் அல்லது புனைதல் மற்றொன்று. 1400இல் மறைந்த ஆங்கிலக் கவிஞர் சாசர் தம் கேன்டர்பரிக் கதைகளின் முன்னுரையில், வழக்கறிஞர் ஆவணம் எழுதுவதில் கெட்டிக்காரர், அவர் எழுத்தில் யாரும் குறை கிள்ள முடியாது என்று சொல்லும் இடத்தில் இந்தச் சொல்லைத்தான் போடுகிறார். அதே முன்னுரையில் இளம் வீரன் பாட்டுக் கட்டுவதற்கும் அதே சொல்தான்.

ஏறத்தாழ 1400க்கும் 1700க்கும் இடையில் ஆங்கில நெடில்கள் எல்லாம் இடம் பெயர்ந்தன. 'டீமெ' 'டைம்' ஆனதுபோல 'டீட்' 'டைட்' ஆயிற்று. ஆகவே 'இன்டைட்' என்ற ஒலி முழுக்க முழுக்க விதிப்படி வந்த ஒலி. பிந்தி வந்த பிரெஞ்சுச் சொற்கள் இந்தப் பெயர்ச்சிக்குத் தப்பி ஈகாரத்தோடு நிற்கும். 'எலீட்', 'மெஷீன்', 'ரொட்டீன்' அந்த வகை. 'எலீட்' என்பதையும் 'இன்டைட்' என்பதையும் பக்கத்தில் வைத்துச் சொல்லிப் பாருங்கள், எது முந்தி வந்தது என்று காதே சொல்லிவிடும்.

'சி' செருகப்பட்டது 1600ஐ ஒட்டி. லத்தீன் படித்தவர்கள் பிரெஞ்சு வழி வந்த சொற்களை எல்லாம் மூலத்துக்குத் 'திருத்தி' எழுதிய காலம் அது. கடனுக்கான 'டெட்', ஐயத்துக்கான 'டவுட்' இரண்டிலும் ஊமையாக நிற்கும் 'பி', 'ரிசீட்' சொல்லில் நிற்கும் ஊமை எழுத்து எல்லாம் அதே போக்கில் வந்தவை. ஒழுங்காகவாவது செய்தார்களா என்றால் இல்லை. 'ரிசீட்' திருத்தப்பட்டது, அதன் உடன்பிறப்புகளான 'டிசீட்', 'கன்சீட்' இரண்டும் திருத்தப்படாமல் தப்பின. (நாம் கடையில் வாங்கும் ரசீது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது அல்ல. அது 'ரஸீத்' என்ற பாரசீகச் சொல். 'வந்து சேர்ந்தது' என்று பொருள். ஒலி ஒத்துப்போவது தற்செயல்.)

புனைதல் என்ற பொருளுக்கான சொல்லை யாரும் திருத்தவில்லை. அதனால் ஒரே சொல் இரண்டாகப் பிரிந்தது. 'சி' உள்ளது நீதிமன்றத்துக்கு, 'சி' இல்லாதது எழுத்தாளருக்கு. ஒலி இரண்டுக்கும் ஒன்றே. 1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியத்தில் 45ஆம் சங்கீதம், என் இதயம் நல்லதொரு பொருளைப் புனைகிறது என்று தொடங்கும் இடத்தில் 'சி' இல்லாத வடிவம் நிற்கிறது.

---

அகராதிப்புழு எழுதியது:

இவ்வளவு சுற்றத் தேவை இல்லை என்று நினைக்கிறேன். லத்தீன் அகராதியில் 'இந்தீக்கெரே' என்ற வினை தனியாகவே இருக்கிறது. பொருளும் 'அறிவித்தல்' தான். அதன் எச்ச வடிவம் 'இந்திக்துஸ்'. ஆங்கில எழுத்து அதோடு அப்படியே பொருந்துகிறது. 'எடிக்ட்', 'பிரெடிக்ட்', 'அடிக்ட்' போல இதுவும் நேராக அங்கிருந்தே வந்திருக்கலாமே?

---

பழம்பிரெஞ்சு எழுதியது:

எழுத்து பொருந்துகிறது என்பதுதான் இதில் உள்ள பொறி. பொருந்த வேண்டும் என்றே செய்யப்பட்ட எழுத்து அது. அதையே சான்றாகக் கொள்ள முடியாது.

நேரே வந்திருந்தால் மூன்று விஷயம் வேறு மாதிரி இருந்திருக்கும். முதலாவது உயிரொலி. 'பிரெடிக்ட்', 'அடிக்ட்', 'எடிக்ட்' மூன்றும் லத்தீனிலிருந்து நேரே வந்தவை, மூன்றிலும் குறில் இகரமும் 'க்' ஒலியும் இருக்கின்றன. நம் சொல்லில் ஐகாரம் நிற்கிறது. அது நெடிலிலிருந்துதான் பிறக்கும், அந்த நெடிலைத் தந்தது பிரெஞ்சு. இரண்டாவது, பழைய எழுத்து வடிவங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நடு ஆங்கில அகராதியில் இந்தச் சொல் 'சி' இல்லாமல்தான் தலைச்சொல்லாக இருக்கிறது, முதலில் வருவதும் 'என்'தானே தவிர 'இன்' அல்ல. மூன்றாவது, நுழைந்த காலம். லத்தீன் எச்ச வடிவத்தை அப்படியே வினையாக எடுக்கும் பழக்கம் 15, 16ஆம் நூற்றாண்டுகளில்தான் ஆங்கிலத்தில் பெருகுகிறது. இந்தச் சொல் அதற்கு மிக முந்தியது.

'இந்தீக்கெரே' பெற்ற பிள்ளை ஆங்கிலத்தில் வேறு. ரோமப் பேரரசின் 15 ஆண்டு வரிச் சுழற்சியைக் குறிக்கும் 'இன்டிக்ஷன்' அது. அதில் 'க்' முழுதாக ஒலிக்கும்.

லத்தீன் அகராதியைத் திறப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 'இந்திக்துஸ்' என்ற வடிவுக்கு அங்கே இரண்டு பதிவு இருக்கும். ஒன்று 'அறிவிக்கப்பட்டது'. மற்றது 'சொல்லப்படாதது', ஏனென்றால் லத்தீனில் 'இன்' எதிர்மறை முன்னொட்டாகவும் வரும். 'இந்திக்தா கௌசா' என்ற ரோமச் சட்டத் தொடருக்கு 'வழக்கு கேட்கப்படாமலே', அதாவது விசாரணை இல்லாமலே, என்று பொருள். இரண்டாம் பதிவைப் பிடித்துக்கொண்டு வேர் சொன்னால் குற்றச்சாட்டு தலைகீழாகிவிடும்.

---

சட்டச்சொல் எழுதியது:

செருகியவர்கள் யார் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 'லத்தீன் படித்தவர்கள்' என்பது பொதுவாகச் சரி. ஆனால் இந்தச் சொல்லுக்கு அதைவிட நெருக்கமான காரணம் நீதிமன்றப் பதிவேட்டிலேயே இருக்கிறது.

1066க்குப் பிறகு இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் வாதம் நார்மன்காரர்களின் பிரெஞ்சில் வளர்ந்தது, பதிவு லத்தீனில் எழுதப்பட்டது. 1166இல் இரண்டாம் ஹென்றி கிளாரெண்டன் ஆணையின் மூலம் ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும் 12 பேர் சத்தியம் செய்து, தங்கள் பகுதியில் யார் மீது கொலை, கொள்ளைச் சந்தேகம் இருக்கிறது என்று சொல்ல வேண்டும் என விதித்தார். பின்னாளில் கிராண்ட் ஜூரி, அதாவது ஒருவர் மீது குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு, ஆனது இந்த வழக்கம். அவர்கள் செய்த காரியத்துக்குத்தான் 'எந்தித்தேர்' என்று பெயர். கவனியுங்கள், 'எழுதச் சொல்லுதல்' என்ற வேர்ப்பொருள் இங்கே உருவகம் அல்ல. அவர்கள் வாயால் சொல்வார்கள், எழுத்தர் எழுதுவார்.

1362இல் வாதங்கள் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டிருந்தது, பதிவு லத்தீனிலேயே தொடரட்டும் என்றும் சொன்னது. ஆக ஒரே எழுத்தர் காதில் கேட்டது 'என்டீட்மென்ட்', கையில் எழுதியது 'இந்திக்தாமெந்தும்'. இந்த லத்தீன் வடிவம் ரோமர் காலத்தது அல்ல. பிரெஞ்சுச் சொல்லுக்கு இங்கிலாந்தின் எழுத்தர்கள் லத்தீன் உடை போட்டு உருவாக்கியது. நீதிமன்றப் பதிவில் லத்தீன் 1650இல் ஒருமுறை ஒழிக்கப்பட்டு, 1660இல் முடியாட்சி திரும்பியதும் மீண்டு, கடைசியாக 1731ஆம் ஆண்டுச் சட்டத்தால் 1733இலிருந்து நின்றது. நூற்றாண்டுக் கணக்கில் 'சி' உள்ள வடிவத்தை லத்தீனில் எழுதிய கை, ஆங்கிலத்தில் எழுதும்போதும் அந்த எழுத்தைக் கொண்டுவந்தது. வாய் மட்டும் பழையபடி சொன்னது.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. அகராதி காட்டும் நட்சத்திரமிட்ட 'இந்திக்தாரே' பிரெஞ்சுக்கு முந்தியது, மீட்டமைப்பு. இங்கிலாந்துப் பதிவேடுகளில் கண்ணால் காணக்கூடிய 'இந்திக்தாரே' பிரெஞ்சுக்குப் பிந்தியது. எழுத்து ஒன்றே. பின்னதைக் காட்டி முன்னதை நிரூபித்ததாக எண்ணிவிடக் கூடாது.

வெர்டிக்ட் பற்றி. ஆங்கிலோ-நார்மனில் அது 'வெர்தித்'. 'வெர்' லத்தீன் 'வேரும்', அதாவது உண்மை. 'தித்' மேலே சொன்ன 'திக்தும்'. உண்மையாகச் சொல்லப்பட்டது என்பதே சொல்லின் பொருள். சாசரிடமும் 'சி' இல்லாமல்தான் இருக்கிறது. ஜூரிகளையும் சாட்சிகளையும் முன்கூட்டியே கேள்வி கேட்டுப் பார்க்கும் 'வுவார் தீர்' என்ற நடைமுறைப் பெயரும் இதே இரு வேர்கள் சேர்ந்ததுதான். இன்றைய பிரெஞ்சு தெரிந்தவர்கள் அதைப் 'பார்க்க, சொல்ல' என்று பிரிப்பார்கள், ஏனென்றால் இன்று 'வுவார்' என்றால் பார்த்தல். அது பிழை. பழைய பிரெஞ்சில் உண்மைக்கும் அதே வடிவம் இருந்தது, இங்கே நிற்பது அதுதான்.

இன்றைய பிரெஞ்சு அகராதியில் 'வெர்திக்த்' என்று 'க்' உடன் ஒரு சொல் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, ஆங்கிலம் அங்கிருந்து எடுத்தது என்று முடிவு கட்ட வேண்டாம். பிரெஞ்சுதான் அதைப் பிற்காலத்தில் ஆங்கிலத்திடமிருந்து திரும்ப வாங்கியது. 'ஜூரி', 'பட்ஜெட்' இரண்டும் அதே போலக் கடல் தாண்டிப் போய் உடை மாற்றித் திரும்பியவை.

கேள்வி கேட்டவர் செய்தி மொழிபெயர்ப்பில் இருப்பதால் ஒன்று. இந்தியாவில் 'குற்றப்பத்திரிகை' என்பது காவல்துறை விசாரணை முடித்து நீதிமன்றத்தில் தரும் அறிக்கை. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193ஆம் பிரிவு. அமெரிக்கக் கூட்டாட்சி வழக்கில் 'இன்டைட்மென்ட்' என்பது வேறு. 16 முதல் 23 பேர் கொண்ட கிராண்ட் ஜூரி அரசுத் தரப்பின் சான்றுகளைப் பார்த்து, குறைந்தது 12 பேர் ஒப்புக்கொண்டால் பிறப்பது. 'காவல்துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது' என்று எழுதினால் யார் செய்தார்கள் என்பதே மாறிவிடுகிறது. 'கிராண்ட் ஜூரி முறைப்படி குற்றம் சாட்டியது' என்று எழுதுவது பாதுகாப்பு. (கிராண்ட் ஜூரி பிறந்த இங்கிலாந்தில் 1933ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஏறக்குறைய முழுதும் எடுத்துவிட்டது.) இலங்கையில் மேல் நீதிமன்ற வழக்குகள் இன்றும் இன்டைட்மென்டின் பேரில் நடக்கின்றன. அங்கே சட்டத் தமிழில் அதற்குக் 'குற்றப்பகர்வு' என்று பெயர். பகர்தல் என்றால் சொல்லுதல். லத்தீன் வேரின் பொருள் அப்படியே தமிழில் வந்து உட்கார்ந்திருக்கிறது. தமிழ்நாட்டிலும் எடுத்துக்கொள்ளத் தகுந்த சொல் இது.

---

செய்திமேசை எழுதியது:

'குற்றப்பகர்வு' அருமை, குறித்துக்கொண்டேன். மூன்றாம் கேள்வி இன்னும் நிற்கிறது. வெர்டிக்ட்டிலும் பெர்ஃபெக்ட்டிலும் 'சி' பின்னால் செருகப்பட்டதுதான் என்றால், அவற்றில் மட்டும் வாய் எழுத்துக்கு அடங்கியது ஏன்?

---

பழம்பிரெஞ்சு எழுதியது:

பெர்ஃபெக்ட் நடு ஆங்கிலத்தில் 'பர்ஃபிட்'. சாசரின் வீரன் 'பர்ஃபிட்' ஆன வீரன். லத்தீன் 'பெர்ஃபெக்தும்' பிரெஞ்சில் அப்படி ஆகியிருந்தது. ஐஸ்கிரீம் கடையில் விற்கும் 'பார்ஃபே' அதன் இன்றைய பிரெஞ்சு வடிவம். 16ஆம் நூற்றாண்டில் லத்தீன் எழுத்து நிலைத்தது, பிறகு ஒலியும் அதன் பின்னால் போயிற்று. காரணம் அக்கம்பக்கம் என்று நினைக்கிறேன். 'பெர்ஃபெக்ஷன்' என்ற பெயர்ச்சொல் தொடக்கம் முதலே 'க்' ஒலியோடு ஆங்கிலத்தில் இருந்தது. பள்ளி இலக்கணத்தில் வினையின் ஒரு காலத்துக்கே அந்தப் பெயர். எந்தப் பக்கம் திரும்பினாலும் 'க்' கேட்டது. வெர்டிக்ட்டில் கடைசி உயிர் குறில் இகரம். 'ஸ்ட்ரிக்ட்', 'எடிக்ட்' என்று அதே முடிவுள்ள சொற்கள் நிறைய இருந்ததால் 'க்' போட்டுச் சொல்வது நாவுக்கு இயல்பாக இருந்தது.

நம் சொல்லுக்கு இந்த இரண்டு ஆதரவும் இல்லை. அதன் பெயர்ச்சொல் 'இன்டைட்மென்ட்', அதிலும் 'க்' இல்லை. 'இன்டிக்ஷன்' இருந்தது, ஆனால் வேறு பொருள். எழுத்து மாறுவதற்குள் உயிரும் ஐகாரத்தின் பக்கம் நகர்ந்துவிட்டது, 'ஐக்ட்' என்று முடியும் பழக்கமான ஆங்கிலச் சொல் எதுவும் இல்லை. அதோடு இது நீதிமன்றத்தில் எழுத்தரிடமிருந்து எழுத்தருக்கு, வழக்கறிஞரிடமிருந்து வழக்கறிஞருக்கு வாய்வழியாகக் கைமாறிய சொல். தொழிலில் இருப்பவர் எழுத்தைப் பார்த்துச் சொல்லக் கற்பதில்லை. உணவுப்பொருளைக் குறிக்கும் 'விட்டில்ஸ்' என்ற சொல்லும் இப்படியே தப்பியது. எழுத்தில் 'சி' இருக்கிறது, வாயில் இன்றும் இல்லை. (அது வேறு வேர். வாழ்தலைக் குறிக்கும் 'வீவெரே' வழி வந்தது, சொல்லுதலோடு தொடர்பில்லை.)

இரண்டுக்கும் நடுவில் இழுபறியாக நிற்பவையும் உண்டு. வடதுருவப் பகுதிக்கான சொல் பிரெஞ்சு வழியாக 'ஆர்ட்டிக்' என்றே வந்தது. 'சி' சேர்த்த பிறகு பலர் 'ஆர்க்டிக்' என்கிறார்கள், சிலர் பழையபடி சொல்கிறார்கள். தமிழ்ப் பத்திரிகைகளில் 'அண்டார்டிகா', 'அண்டார்க்டிகா' என்று இரண்டும் அச்சாவதற்கு வேர் அங்கே இருக்கிறது.

---

திசைச்சொல் எழுதியது:

இந்த 'க்த்' விவகாரத்தைப் புரிந்துகொள்ளத் தமிழ் வாசகருக்கு வீட்டிலேயே உவமை இருக்கிறது. வடமொழியின் 'பக்தி' தமிழில் 'பத்தி' ஆயிற்று, 'முக்தி' 'முத்தி' ஆயிற்று, 'சக்தி' 'சத்தி' ஆயிற்று. திருவாசகத்தில் இறைவன் படுவது 'பத்தி வலை'. 'க்' மறைந்து 'த்' இரட்டித்தது. இத்தாலியர் 'லக்தெம்' என்பதை 'லாத்தே' ஆக்கியதும் சரியாக இதே தீர்வு. பிறகு வடமொழி எழுத்தை மூலமாகக் கொண்டவர்கள் 'பக்தி', 'சக்தி' என்று திருத்தி எழுதினார்கள், ஊரும் அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டது. இது பெர்ஃபெக்ட்டின் கதை. சைவ சித்தாந்த நூல்களில் மட்டும் 'முத்தி' இன்றும் முத்தியாகவே இருக்கிறது, ஒரு துறையின் உள்வழக்கு பழைய ஒலியைக் காப்பாற்றுகிறது. நீதிமன்றம் 'இன்டைட்' என்பதைக் காத்ததற்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை. வேறுபாடு ஒன்றே ஒன்று: தமிழில் 'க்' எழுதினால் 'க்' சொல்வோம். எழுதிவிட்டுச் சொல்லாமல் விடும் வழக்கம் நம்மிடம் இல்லை. அதனால்தான் 'இன்டிக்ட்' என்று வாசிக்க நமக்கு இவ்வளவு எளிதாக வருகிறது.

வேரை இன்னும் பின்னால் கொண்டுபோனால், லத்தீன் 'தீக்கெரே' இந்தோ-ஐரோப்பிய மூலத்தில் 'சுட்டிக்காட்டு' என்ற பொருளுள்ள ஒரு வேரிலிருந்து வருகிறது. அதே வேர் வடமொழியில் 'திஸ்': காட்டுதல், திக்கு. நாம் கடன் வாங்கிய 'திசை', 'உபதேசம்' இரண்டும் அதன் வழியில் வந்தவை. ஆங்கிலத்தின் சொந்தச் சொற்களில் 'டீச்', 'டோக்கன்' இரண்டும் அதே வேர்; ஜெர்மானிய மொழிகளில் மூல 'த' வகை ஒலி வன்மையாக மாறும் என்பது கிரிம் விதி. ஆகவே 'திசை'க்கும் 'இன்டைட்'டுக்கும் தூரத்து உறவு உண்டு. ஆனால் அந்த உறவு வடமொழிக்கும் லத்தீனுக்கும் இடையில் உள்ளது. தமிழுக்கும் லத்தீனுக்கும் உறவு என்று இதை வைத்து எழுதக் கூடாது. 'திசை' நம்மிடம் விருந்தாளி.

---

பழம்பிரெஞ்சு எழுதியது:

கடைசிக் கேள்விக்கு, சொல்லின் வழியைச் சோதிக்கும் முறை.

இன்றைய எழுத்தை முதலில் மறந்துவிடுங்கள். நடு ஆங்கில அகராதியில் சொல்லின் மிகப் பழைய வடிவங்களையும் ஆண்டையும் பாருங்கள், இணையத்தில் இலவசம். அடுத்து ஆபரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலோ-நார்மன் அகராதி, அதுவும் இலவசம். பாரிஸ் பிரெஞ்சு அகராதிக்கு நேரே போவது பலர் செய்யும் தவறு. ஆங்கிலச் சட்டச் சொற்கள் பெரும்பாலும் பாரிஸிலிருந்து வரவில்லை, இங்கிலாந்திலேயே பேசப்பட்ட பிரெஞ்சிலிருந்து வந்தவை. அங்கே ஒரு சொல்லுக்கு இருந்த பொருள் பாரிஸில் இல்லாமலும் இருக்கும்.

பிறகு லத்தீன் வடிவத்தை எடுத்து, பிரெஞ்சின் ஒலிவிதிப்படி அது என்னவாக வேண்டும் என்று தாளில் எழுதிப் பாருங்கள். 'ஸ்ட்ரிக்தும்' என்றால் இறுக்கமானது. விதிப்படி 'க்' போய் 'ய்' வர வேண்டும். பழைய பிரெஞ்சில் 'எஸ்த்ரெய்த்' என்று இருக்கிறது, ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரெய்ட்' என்று இருக்கிறது: இருபுறமும் நெருக்கும் நீரிணை. பாக் நீரிணையின் ஆங்கிலப் பெயரில் இருப்பது அதுதான். அதே 'ஸ்ட்ரிக்தும்' பின்னால் நேரே வந்தபோது 'ஸ்ட்ரிக்ட்'. ஒரே லத்தீன் சொல் இப்படி இரண்டு வாசல் வழியாக வந்திருந்தால் வழியைக் கண்டுபிடிப்பது எளிது. 'ஃபக்தும்' அப்படியே 'ஃபீட்' ஆகவும் 'ஃபேக்ட்' ஆகவும் இருக்கிறது. 'திக்தும்' என்பதற்கோ வாசல் மூன்று. நேரே வந்தது 'டிக்டம்', பிரெஞ்சு வழி வெர்டிக்ட்டின் பின்பாதி, இத்தாலி வழி நாம் தினமும் சொல்லும் 'டிட்டோ'.

'க்' ஒலிக்கவில்லை என்றால் பிரெஞ்சு வழி என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். 'க்' ஒலிக்கிறது என்பதால் மட்டும் லத்தீன் நேர்வழி என்று சொல்லக் கூடாது, பெர்ஃபெக்ட்டைப் போலத் திருத்தப்பட்டதாகவும் இருக்கலாம். பழைய வடிவம் ஒன்றுதான் அதைப் பிரித்துக் காட்டும். எழுத்து ஒற்றுமையை மட்டும் நம்பிக் குடும்பத்தில் சேர்ப்பதும் ஆபத்து. 'எடிட்' என்பது 'எடிக்ட்' போலத் தோன்றுகிறது. ஆனால் அது 'வெளியே கொடு' என்ற பொருளுள்ள 'ஏதெரே'யிலிருந்து வந்தது. சொல்லுதலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

---

அகராதிப்புழு எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். நடு ஆங்கில அகராதியில் தேடிப் பார்த்தேன், தலைச்சொல்லில் 'சி' இல்லை. அப்படியானால் 'இன்டைட்டபிள்', 'இன்டைட்மென்ட்' எல்லாவற்றிலும் 'க்' விட்டே சொல்ல வேண்டும், 'இன்டிக்ஷன்' ஒன்றில் மட்டும் சேர்க்க வேண்டும், சரிதானே?

---

சட்டச்சொல் எழுதியது:

சரி. குற்றம் சாட்டப்பட்டவரைக் குறிக்கும் 'இன்டைட்டீ' என்ற சொல்லிலும் 'க்' வராது.